பண்டிகை எத்தனை நாள்?

(உலக சிக்கன நாளை ஒட்டி, ஓர் ஊர்ப்புற நூலகத்தின் வாசகர் வட்டத்தில் ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



1924 அக்டோபரில் இத்தாலியில் உள்ள மிலான் நகரில் பல நாட்டுச் சேமிப்பு வங்கிகள் கூடி ஒரு மாநாடு நடத்தின. அதன் நிறைவு நாளான அக்டோபர் 31ஐ உலக சிக்கன நாள் என்று அறிவித்தார்கள். 1984இல் அதே தேதியில் இந்திரா காந்தி அம்மையார் கொல்லப்பட்டதால், இந்தியாவில் ஒரு நாள் முன்னதாக அக்டோபர் 30 அன்று இதைக் கொண்டாடுகிறோம். நான் வேலை பார்த்த பள்ளிகளிலெல்லாம் இந்த நாள் வந்தால் கட்டுரைப் போட்டி, பேச்சுப் போட்டி வைப்போம். சஞ்சாயிகா என்ற பள்ளிச் சேமிப்புக் கணக்கில் அதிகம் போட்ட பிள்ளைக்கு மேடையில் பரிசு கொடுப்போம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தக் கட்டுரைகளில் சிக்கனம் என்றால் உண்டியலும் வங்கியும்தான். வீட்டுக்குள் சிக்கனம் எப்படி நடந்தது, யார் கையால் நடந்தது என்று பிள்ளைகளும் எழுதியதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். இந்த நாள் வருகிற நேரத்தைக் கவனித்தீர்களா? நவராத்திரி முடிந்திருக்கும். தீபாவளி வரப்போகிறது என்றிருக்கும், அல்லது இப்போதுதான் போயிருக்கும். அடுத்து கார்த்திகை, கிறிஸ்துமஸ், பொங்கல். புரட்டாசியில் தொடங்கித் தை முடியும்வரை, மாதச் சம்பளத்தில் ஓடுகிற குடும்பத்துக்கு மூச்சுவிட நேரம் கிடையாது. என் அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. தீபாவளிக்கு போனஸ் வரும். வருவதற்கு முன்பே அந்தப் பணத்துக்குக் கணக்கு எழுதியாகிவிடும்: ஆடியில் வாங்கிய கடன் இவ்வளவு, பள்ளிக்கூடச் செலவு இவ்வளவு, ஜவுளிக்கு இவ்வளவு என்று. தெருவில் ஓர் அக்கா தீபாவளிச் சீட்டு பிடிப்பார்கள். அதில் வாராவாரம் போட்டது பலகாரச் சாமானாகத் திரும்பி வரும். துணியை ஒரே தானில் வெட்டி எங்கள் எல்லாருக்கும் தைப்பார்கள். தையற்காரரிடம் ‘வளர்ற பிள்ளை’ என்று சொல்லி, ஓரத்தில் மடிப்பு நிறைய விட்டுத் தைக்கச் சொல்வார்கள். அடுத்த வருஷம் அந்த மடிப்பைப் பிரித்துவிட்டால் சட்டை இன்னொரு வருஷம் ஓடும். அரசு வேலையில் இருந்தவர்கள் கோ-ஆப்டெக்ஸில் தவணைக்கு எடுப்பார்கள். 1935இல் தொடங்கிய அந்தச் சங்கத்தின் பண்டிகைத் தள்ளுபடிக்காகவே காத்திருந்து சேலை எடுத்த அம்மாமார் இங்கேயே பலர் இருப்பீர்கள்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் சொல்ல வந்தது வேறு. எங்கள் வீட்டில் பண்டிகைக்கென்று வாங்கிய பொருள் மிகக் குறைவு; செய்த பொருள் அதிகம். அப்படிச் செய்ததால் காசு மிஞ்சியது உண்மை. காசைவிடப் பெரிதாக இன்னொன்று கிடைத்தது. பண்டிகை நீண்டது. ஒரு நாள் பண்டிகைக்குப் பிள்ளைகளாகிய நாங்கள் ஒரு மாதம் வேலை செய்தோம். அந்த ஒரு மாதமும் எங்களுக்குப் பண்டிகைதான். இன்றைக்கு ஒரு சாயங்காலம் கடைவீதிக்குப் போய் எல்லாவற்றையும் வாங்கி வந்துவிடுகிறோம். வாங்கி முடித்த பிறகு பிள்ளைக்குச் செய்ய என்ன இருக்கிறது? புதுத்துணி போட்டுப் படம் எடுத்துக்கொள்ளலாம். மத்தியானம் ஆனால் ‘போர் அடிக்குது’ என்கிறான். குறை பிள்ளையிடம் இல்லை. அவன் செய்ய வேண்டிய பங்கை நாம் காசு கொடுத்து வெளியே அனுப்பிவிட்டோம்.

எங்கள் தென்மாவட்டத்தில் சிறுவீட்டுப் பொங்கல் என்று ஒன்று உண்டு. வடக்கேயிருந்து வந்தவர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். எங்கள் பக்கத்துச் சின்னப் பிள்ளைகளுக்கே இப்போது தெரிவதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மார்கழி முதல் தேதி விடியும் முன்பே வாசல் தெளித்துக் கோலம் போட்டு, நடுவில் சாணி உருண்டை பிடித்து வைத்து, அதில் பூசணிப்பூ செருகுவோம். பூசணி கிடைக்காத நாளில் பீர்க்கம்பூ. பூ எங்கே கிடைக்கும் என்பதே பெரிய விசாரணை. யார் வீட்டுக் கூரையில் கொடி படர்ந்திருக்கிறது, நாளைக்கு எத்தனை மொட்டு விரியும் என்று முதல்நாள் சாயங்காலமே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். கொடிக்காரப் பாட்டியிடம் நல்ல பேர் எடுத்து வைத்திருக்க வேண்டும். வெயில் ஏறியதும் அந்தச் சாணியைப் பூவோடு சேர்த்து வரட்டியாகத் தட்டிச் சுவரில் அப்பிவிடுவோம். காய்ந்ததும் எடுத்து அடுக்கி வைப்போம். மாதம் முழுவதும் இப்படி. மார்கழி முடியும்போது ஒவ்வொரு வீட்டிலும் பூ வரட்டி ஓர் அடுக்கு சேர்ந்திருக்கும்.

பெரியவர்கள் பொங்கல் முடிந்ததும் எங்கள் வேலை தொடங்கும். முற்றத்திலோ வாசலிலோ களிமண்ணால் வீடு கட்டுவோம். குளத்திலிருந்து மண் எடுத்து வந்து, கல் பொறுக்கி, தண்ணீர் விட்டு மிதித்துப் பக்குவப்படுத்துவோம். சுவர் ஒரு சாண் உயரம் இருக்கும். தார்சா, பட்டாசல், அரங்குவீடு, அடுக்களை எல்லாம் உண்டு. எங்கள் பக்கத்து வீடுகளில் என்னென்ன அறைகள் உண்டோ அத்தனையும் அந்தச் சின்ன வீட்டில் இருக்க வேண்டும். வாசல் எந்தப் பக்கம் என்று சண்டை போடுவோம். சுவர் காய்ந்ததும் சுண்ணாம்பு பூசிக் காவி வரி இழுப்போம். பண்டிகை நாளில் அந்த வீட்டின் முன்னால் சின்னப் பானையில் பெண்பிள்ளைகள் தாங்களே பொங்கல் வைப்பார்கள். அம்மா பக்கத்தில் நிற்பாள், அடுப்பைத் தொட மாட்டாள். பொங்கியதும் குலவை. சாயங்காலம் அந்தப் பூ வரட்டிகளையெல்லாம் எடுத்துக்கொண்டு ஆற்றுக்கோ வாய்க்காலுக்கோ குளத்துக்கோ போய், அவற்றின் மேல் சூடம் ஏற்றித் தண்ணீரில் விடுவோம். கரையிலே உட்கார்ந்து, கொண்டுபோன பொங்கலைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம்.

இதில் கடையில் வாங்கியது என்ன? பச்சரிசி, கருப்பட்டி, சூடம். மற்றதெல்லாம் சாணி, மண், பூ. ஒரு பைசா மதிப்பில்லாத பொருள்களை வைத்து ஒரு மாதம் முழுக்கப் பிள்ளைகளை விடியற்காலையில் எழுப்பி, ஒரு வேலையைத் தொடர்ந்து செய்யவைத்து, கடைசியில் சொந்தமாக ஒரு வீடு கட்டி, சொந்தமாகச் சமைத்து, நாலு பேருக்குப் பரிமாற வைத்திருக்கிறார்கள். எல்லாம் முடிந்ததும் வரட்டி தண்ணீரோடு போயிற்று, மண் வீடு மழையில் கரைந்து முற்றத்து மண்ணோடு சேர்ந்தது. பரணில் ஏற்றி வைக்க ஒன்றும் மிச்சமில்லை. அடுத்த ஆண்டு மறுபடியும் முதலிலிருந்து செய்ய வேண்டும். மறுபடியும் செய்ய வேண்டியிருந்ததால்தான் அக்காளிடமிருந்து தங்கை கற்றுக்கொண்டாள்.

நான் முதலில் வேலைக்குப் போன ஊர் விழுப்புரம் பக்கம். அங்கே கார்த்திகைக்குப் பையன்கள் மாவலி சுற்றுவதைப் பார்த்து அசந்து நின்றேன். எங்கள் ஊரில் சொக்கப்பனை கொளுத்துவோம். ஓலைக் கொழுக்கட்டை அவிப்போம். மாவலி நான் பார்த்ததில்லை. வகுப்பில் படித்த ஒரு பையன் செய்து காட்டினான். அலகுப்பனை என்கிற ஆண் பனை காய்க்காது. பூத்து, பூக்கதிர் காய்ந்து விழும். அதைப் பொறுக்கிச் சேர்க்கிறார்கள். குழி தோண்டி, அதில் போட்டுக் கொளுத்தி, சாம்பலாகும் முன்பே மண் போட்டு மூடிவிட வேண்டும். எப்போது மூடுவது என்பதில்தான் கைத்திறமை. சீக்கிரம் மூடினால் உள்ளே வேகாமல் கிடக்கும். தாமதித்தால் வெறும் சாம்பல். ஆறியதும் தோண்டியெடுத்த கரியை அம்மியில் மைபோல அரைக்கிறார்கள். பழைய பருத்தித் துணியில் கொட்டி நீளமாகச் சுருட்டி இறுக்கிக் கட்டுகிறார்கள். பனை மட்டையைப் பிளந்து மூன்று பத்தை எடுத்து, நடுவில் அந்தத் துணிச் சுருளை வைத்துக் கட்டி, மேலே கயிறு. நுனியில் நெருப்புக் கங்கு வைத்து, ஊதிக் கனியவைத்து, தலைக்கு மேலே வீசிச் சுற்றினால் பொறி பறந்து பறந்து ஆளைச் சுற்றி நெருப்பு வட்டம் எழும்பும். வைக்கோல் படப்புப் பக்கம் போகக் கூடாது, நைலான் சட்டை போடக் கூடாது, சின்னப் பிள்ளைகள் தள்ளி நிற்க வேண்டும். இந்தச் சட்டங்களை அந்தப் பையன் தன் தம்பிக்கு அதட்டிச் சொல்லிக் கொடுத்ததையும் கேட்டேன்.

அந்தப் பையன் வீட்டில் தீபாவளிக்குப் பட்டாசு வாங்கியிருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் கார்த்திகை அன்று அவன் ஊரில் யாருக்கும் குறைந்தவன் இல்லை. நல்ல மாவலி செய்யத் தெரிந்தவன் என்பதால் பணக்கார வீட்டுப் பையன்களும் அவனிடம் வந்து நின்றார்கள். வாங்குகிற பண்டிகையில் காசு உள்ளவன் முன்னால் நிற்பான். செய்கிற பண்டிகையில் செய்யத் தெரிந்தவனுக்கு ஓர் இடம் இருந்தது. இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் ஏறினால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியையாக இருந்தவளுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

ஓலைக் கொழுக்கட்டை என்றேனே, அதுவும் பனைதான். குருத்தோலையை அளவாக நறுக்கி, வறுத்த அரிசி மாவு, கருப்பட்டி, சிறுபயறு, தேங்காய்த் துருவல், ஏலம், சுக்கு சேர்த்துப் பிசைந்த மாவை அதற்குள் வைத்து, இன்னோர் ஓலையால் மூடி, ஓலை நாரால் கட்டி அவிப்பது. மாவு அம்மாவுடையது, ஓலை கட்டுவது பிள்ளைகளுடையது. கட்டு சரியில்லை என்றால் மாவு வெளியே பிதுங்கும். பிதுங்கிய கொழுக்கட்டை யார் கட்டியது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். 1978இல் பனையைத் தமிழ்நாட்டின் மாநில மரமாக அறிவித்தார்கள். இப்போது மரத்தை வெட்டவும் மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் ஓலையை எடுத்துக் கட்டத் தெரிந்த பிள்ளைகள் இருந்தால்தான் மரமும் நிற்கும் என்பது என் எண்ணம்.

கொலுவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டிரங்குப் பெட்டி, மரப்பலகை, மண்ணெண்ணெய் டின் எல்லாவற்றையும் அடுக்கி, மேலே வெளுத்த வேட்டியை விரித்தால் படி. மரப்பாச்சிக்குத் தையல் கடைத் துண்டுத் துணியில் பாவாடை. பொம்மை ஆண்டுக்கு ஒன்று வாங்கினால் போதும் என்று பெரியவர்கள் வைத்திருந்தார்கள். அந்த ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் பத்து நாள் யோசிப்போம். படிக்குக் கீழே பிள்ளைகள் அமைக்கும் பூங்காதான் எனக்கு முக்கியம். தாம்பாளத்தில் மண் பரப்பி, கேழ்வரகோ கடுகோ தூவி, தண்ணீர் தெளித்து வைத்தால் ஒரு வாரத்துக்குள் பச்சைப் புல்தரை. எங்கள் தெருவில் கிறிஸ்தவர் வீடுகளும் இருந்தன. மார்கழியில் அந்த வீட்டுப் பிள்ளைகள் குடில் கட்டும்போது, இதே முறையில் நெல்லோ பயறோ முளைக்கவைத்துத்தான் குடிலைச் சுற்றிப் புல் வைப்பார்கள். புரட்டாசியில் நாங்கள் அவர்களை வேலைக்குக் கூப்பிடுவோம், மார்கழியில் அவர்கள் எங்களைக் கூப்பிடுவார்கள். மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரியில் கொலுப் பொம்மை செய்கிற அதே குடும்பங்கள்தாம் கிறிஸ்துமஸ் குடிலுக்கு மாதாவையும் சூசையப்பரையும் ஆட்டுக்குட்டிகளையும் செய்கின்றன. 1223இல் இத்தாலியில் கிரேச்சியோ என்ற ஊரில் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் குடில் அமைத்தபோது, ஒரு தீவனத் தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை இவற்றைத்தான் வைத்தார் என்று படித்திருக்கிறேன். ஏழ்மையை விரதமாக எடுத்துக்கொண்ட ஒரு துறவி தொடங்கி வைத்த வழக்கம் அது. வைக்கோலும் மூங்கில் சிம்பும் வண்ணத்தாளும் அதற்குப் போதும்.

இனி ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜே.சி. குமரப்பா. 1892இல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்துத் திரும்பி, காந்தியடிகளிடம் போய்ச் சேர்ந்தவர். வார்தாவில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தினார். பனைவெல்லத்துக்கும் கைக்குத்தல் அரிசிக்கும் செக்கு எண்ணெய்க்கும் வாதாடினார். கடைசிக் காலத்தில் மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில் காந்தி நிகேதனில் வாழ்ந்து 1960இல் மறைந்தார். அவர் திரும்பத் திரும்பச் சொன்ன கருத்து ஒன்று உண்டு. ஒரு பொருளை வாங்கும்போது அதன் விலையை மட்டும் பார்த்தால் போதாது. அது எப்படிச் செய்யப்பட்டது, செய்தவர் எப்படி நடத்தப்பட்டார் என்பதற்கும் வாங்குகிறவர் பொறுப்பாளி ஆகிறார் என்பார்.

பண்டிகைச் செலவுக்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. சிக்கனம் என்றால் எதையும் வாங்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அகல் விளக்கை நாம் செய்ய முடியாது. குயவர் செய்ததைத்தான் வாங்க வேண்டும். பொங்கல் பானையும் அப்படியே. மணப்பாட்டில் பெண்கள் முடைகிற ஓலைப் பெட்டி, பத்தமடைப் பாய், செட்டிநாட்டுக் கொட்டான் எல்லாம் வாங்கத்தான் வேண்டும், பேரம் பேசாமல் வாங்க வேண்டும். வீட்டில் செய்ய முடிந்ததைச் செய்து மிச்சம் பிடிக்கிற காசு, கையால் செய்கிற இன்னொருவர் வீட்டுக்குப் போனால் அந்தச் சிக்கனம் ஊரையும் வாழவைக்கும்.

ஆனால் அகல் விளக்கு வாங்கினால் அதைப் பயன்படுத்துகிற முறை நம் கையில் இருக்கிறது. புது அகலைத் தண்ணீரில் போட்டு ஊறவைத்து, எடுத்துத் துடைத்துக் காயவிட்டு ஏற்றினால் அகல் எண்ணெயை அதிகம் குடிக்காது. பழைய வேட்டியைக் கிழித்துத் திரித்தால் திரி. இது ஆச்சி சொல்லிக் கொடுத்தது. தீபாவளி லேகியமும் அப்படித்தான்: சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், வெல்லம், நெய். இடிக்கிற வேலை பிள்ளைகளுக்கு. இடித்த பிள்ளை, காரமாக இருந்தாலும் அதைச் சாப்பிடும்.

இங்கே நான் நிறுத்தி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இவ்வளவு நேரம் பேசியதை ஆண்கள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அம்மாமார் சிலர் முகத்தில் வேறு எண்ணம் ஓடியதைப் பார்த்தேன். நீங்கள் நினைத்தது சரி. வீட்டில் செய்த பண்டிகை என்று நாம் கொண்டாடுவதில் பெரும்பங்கு, கூலியும் இல்லாமல் பேரும் இல்லாமல் பெண்கள் செய்த வேலை. மாவு இடித்து, சலித்து, பிசைந்து, நடுநிசி தாண்டியும் எண்ணெய்ச் சட்டி முன்னால் உட்கார்ந்திருந்து, விடியும் முன் எழுந்து எல்லாருக்கும் தலைக்கு எண்ணெய் வைத்து, தான் குளிக்கும்போது சூரியன் உச்சிக்கு வந்திருக்கும். எங்கள் அம்மாவின் புதுச்சேலை எப்போதும் சாயங்காலம்தான் மடிப்புக் கலையும். சில வருஷம் புதுச்சேலையே இராது. எங்களிடம் ‘எனக்கு ஆடித் தள்ளுபடியில் எடுத்ததே இருக்கு’ என்று சொல்லிவிடுவார்கள். வீட்டின் சிக்கனம் ஒரே ஆளின் உடம்பிலும் வயிற்றிலும் இறங்கினால் அதற்குச் சிக்கனம் என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அது சுரண்டல்.

ஆனாலும் அந்த இரவுகளில் தெரு ஒன்றாக இருந்தது. முறுக்கு அச்சு எல்லார் வீட்டிலும் கிடையாது. ஒன்று நாலு வீடு சுற்றும். கைமுறுக்கு சுற்றத் தெரிந்த ஒரு பெரியம்மா வீடு வீடாகப் போய் உட்கார்வார். இன்று நம் வீட்டுக்கு நாலு பேர் வந்தால், நாளை நாம் அந்த நாலு வீட்டுக்கும் போக வேண்டும். அந்தக் கூட்டு உழைப்பு இல்லாமல் ‘எல்லாம் வீட்டிலேயே செய்’ என்று இன்றைக்கு ஒரு மருமகளிடம் சொல்வது கொடுமை. அவள் வேலைக்கும் போய்விட்டு வருகிறாள். கைத்தொழிலைத் திரும்பக் கொண்டு வருவதென்றால் கணவரும் மகனும் மாவு பிசைய வேண்டும். சிறுவீட்டுப் பொங்கலைப் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் வைத்தது அந்தக் காலத்தின் குறை என்றே சொல்வேன். பையனும் அடுப்பு மூட்டட்டும்.

இன்னொன்று. இல்லாமையை நான் அழகுபடுத்த வரவில்லை. தீபாவளி அன்று பழைய சட்டையோடு கதவுக்குப் பின்னால் நின்ற பிள்ளைகளை எல்லாத் தெருவும் பார்த்திருக்கிறது. 1983இல் பொங்கலுக்கு விலையில்லா வேட்டி சேலை தரத் தொடங்கியபோது அதைச் சிலர் இலவசம் என்று இளக்காரமாகப் பேசினார்கள். வரிசையில் நின்று வாங்கிய தாயிடம் கேட்டிருந்தால் பேசியிருக்க மாட்டார்கள். சிக்கனம் என்பது இருப்பவர் தேர்ந்துகொள்கிற வழி. இல்லாதவருக்கு முதலில் வேண்டியது கூலியும் துணியும் அரிசியும்.

இன்றைக்குப் பள்ளிகளில் கைவேலை என்று பிள்ளைகளுக்குக் கொடுப்பதைப் பார்த்து மனம் வருந்துகிறது. தெர்மாகோல் அட்டை, மினுமினுப்புத் தாள், ஃபோம் ஷீட், பசைத் துப்பாக்கி என்று ஒரு பட்டியல் வரும். அப்பா இரவு எட்டு மணிக்குக் கடை கடையாக அலைவார். அம்மா உட்கார்ந்து ஒட்டுவாள். பிள்ளை தூங்கிவிடும். மதிப்பெண் வாங்கியதும் அது குப்பைக்குப் போகும், மக்காமல் கிடக்கும். அந்த வேலையில் கையும் இல்லை, சிக்கனமும் இல்லை. ஆசிரியர்கள் யாராவது இங்கே இருந்தால் கேட்டுக்கொள்கிறேன்: வீட்டில் ஏற்கெனவே இருக்கிற பொருளில்தான் செய்ய வேண்டும், கடையில் வாங்கினால் மதிப்பெண் கிடையாது என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள்.

எங்களிடம் முற்றம் இல்லை, பனை இல்லை, சாணிக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு பொருள் குவிந்து கிடக்கின்றன. ஒன்று, சிவகாசியிலிருந்து வருகிற தினசரிக் காலண்டரின் அட்டை. அதைவிட உறுதியான, இலவசமான அட்டை எங்கே கிடைக்கும்? ஐந்து முனை நட்சத்திரம் வெட்டி, நடுவில் தாள் ஒட்டினால் மார்கழிக்கு ஆயிற்று. கொலுவுக்கு ஒரு தெருவே அதில் கட்டலாம். இன்னொன்று, கல்யாணப் பத்திரிகை. கெட்டித் தாள், பொன் வரி, சிவப்பு, மஞ்சள். தூக்கிப் போடவும் மனம் வராது, சாமி படம் இருக்கிறதே என்று அலமாரியில் அடுக்கி வைத்திருப்பீர்கள். படத்தைப் பத்திரமாக எடுத்துவிட்டு மீதியில் மொய்க்கவர் செய்யலாம், தோரணம் செய்யலாம், பொங்கல் வாழ்த்து செய்யலாம். முன்பெல்லாம் பொங்கல் வாழ்த்து அனுப்பக் கடைக்குப் போய் அட்டைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்போம். காசில்லாத பிள்ளைகள் போஸ்ட் கார்டில் தாங்களே கரும்பும் பானையும் சூரியனும் வரைந்து அனுப்புவார்கள். எனக்கு மாணவிகளிடமிருந்து வந்த அட்டைகளில் அச்சடித்தவை எங்கே போயின என்று தெரியவில்லை. வரைந்தவை என்னிடம் இருக்கின்றன.

ஒயர் கூடை இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதில் எனக்குப் பெரிய சந்தோஷம். நெல்லிக்காய் முடிச்சு, சிவன் கண், பிஸ்கட் முடிச்சு என்று நான் சொல்லிக் கொடுத்த பிள்ளைகள் இன்றைக்குப் பேத்திகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். வெற்றிலை பாக்கோடு ஒரு சின்னக் கூடையைக் கொடுத்துப் பாருங்கள், வாங்கியவர் பல வருஷம் அதைத் தூக்கிக்கொண்டு காய்கறிக் கடைக்குப் போவார்.

எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் தொடங்க வேண்டாம். வீட்டில் உட்கார்ந்து, வருகிற பண்டிகையில் வாங்காமல் செய்யக்கூடியது எது என்று பிள்ளையிடம் கேட்டு, ஒன்றே ஒன்றை அதன் பொறுப்பில் விட்டுவிடுங்கள். திரி திரிப்பதாக இருக்கட்டும், தோரணம் கட்டுவதாக இருக்கட்டும். பிள்ளை செய்தது கோணலாக இருந்தால் அதைத் திருத்தி அழகாக்காமல் அப்படியே வாசலில் கட்டுங்கள். திருத்தினால் அடுத்த ஆண்டு அது செய்ய வராது.

நூலகரிடம் கேட்டு அனுமதி வாங்கியிருக்கிறேன். கார்த்திகைக்கு முந்தின சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, இதே கூடத்தில் ஓலைக் கொழுக்கட்டை கட்டச் சொல்லித் தருகிறேன். பக்கத்து ஊர்ப் பனையேறி ஒருவர் குருத்தோலை வெட்டித் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். அவருக்கான கூலியை வாசகர் வட்டம் கொடுத்துவிடும். பிள்ளைகள் கத்தரிக்கோலும் ஒரு தட்டும் கொண்டு வந்தால் போதும். அப்பாமார் யாராவது இரண்டு பேர் முன்னதாகவே வந்து மாவு பிசைய வேண்டும். பெயரை இப்போதே இங்கே வைத்திருக்கிற நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள்.